இரட்டைப்பாரில் மூன்று பேர்

ஆள் இருத்துவதில் ஹமீடை மிஞ்ச ஓட்டமாவடியில் ஒருவரும் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் கேன், அதன்மேல் ஒரு வலை மிதவை, மிதவைக்கு ஒரு தொப்பி, கேனுக்கு உடுத்த ஒரு சேட்டு. இந்த நான்கையும் அவன் கையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் போட்டின் பலகையில் ஒரு மனிதன் குந்தியிருந்து தூண்டில் போட்டுக்கொண்டிருப்பான். சேட்டின் கையைக் கொஞ்சம் தளர்த்தி விட்டால் காற்றுக்கு அசையும். தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு ஆள் நூலைச் சுண்டுகிறான் என்று தோன்றும். வீட்டில் உங்களைவிட அந்தக் கேன் கூடுதலாக வேலை செய்யும் என்று அவன் மனைவி றுக்ஷானாவே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

விளையாட்டுக்குப் பழகிய வித்தை இல்லை இது. சண்டைக் காலத்தில் கடலுக்குப் போவதென்றால் நேவியிடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸில் எத்தனை பெயரோ அத்தனை தலை போட்டில் இருக்க வேண்டும். சிலிண்டர் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்க அறவே அனுமதி இல்லை. ஆனால் கொழும்புக்காரருக்குக் கண்ணாடித் தொட்டியில் விட வண்ணமீன் வேண்டும், ஹமீடின் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். ஆகவே மூன்று பேருக்குத் தூண்டில் பாஸ் எடுத்து, ஒருவர் மேலே இருக்க இரண்டு பேர் இறங்குவார்கள். இறங்கியவர்களுக்குப் பதிலாக இரண்டு கேன்கள் குந்தியிருக்கும். ரோந்துப் போட் அரை மைல் தூரத்தில் நின்று பைனாகுலரில் எண்ணும். மூன்று தலை சரி என்று கண்டதும் திரும்பிப் போய்விடும்.

சண்டை முடிந்து இப்போது நான்கு மாதம். வெளியூர்ச் சனம் பஸ் பஸ்ஸாகப் பாசிக்குடாவுக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறது. ஹமீடுக்கு மட்டும் அது மனதில் ஏறவில்லை. ரேடியோவில் சொல்லிவிட்டால் சரியா, கடலுக்கு யார் போய்ச் சொன்னது என்று கேட்பான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்கமாட்டான்.

அந்த செப்டம்பரில் அவன் யசோதினியோடு வேலை செய்தான். யசோதினி நாவற்குடாப் பிள்ளை, வயது இருபத்தெட்டு. சுனாமியில் அடிபட்ட முருகைக்கல் பார்களை, அதாவது பவளப்பாறைத் திட்டுகளை, கணக்கெடுக்கும் திட்டம் ஒன்றில் தண்ணீருக்கடியில் படம் பிடிப்பது அவளுடைய உத்தியோகம். கல்குடாவுக்கு வெளியே, மூன்று பாகத் தண்ணீரில், இரண்டு திட்டாக எழும்பி நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிற பாருக்கு இரட்டைப்பார் என்று பெயர். சுனாமி வந்த அடுத்த வருடம் ஒரு வெள்ளைக்காரர் அங்கே இறங்கி நாற்பது மீற்றர் அளவுநாடா விரித்து, மீற்றருக்கு ஒன்றாக நாற்பது படம் எடுத்துவைத்திருந்தார். அதே நாற்பது இடத்தில், அதே உயரத்தில் கெமராவைப் பிடித்து யசோதினி மறுபடி எடுக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது செத்தது, எது புதிதாக முளைத்தது என்று தெரிந்துவிடும். பழைய படங்களைப் பிளாஸ்டிக்கில் ஒட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டுதான் அவள் இறங்குவாள்.

போட்டில் போய் மீன் கணக்கெடுக்க அவளுக்குக் கடிதம் இருந்தது. தண்ணீருக்குள் இறங்கத்தான் இல்லை. மூன்று தடவை எழுதியும் பதில் வரவில்லை. ஒக்டோபர் பிறந்தால் காற்றுக் கிறுகித் திசை மாறிவிடும், மழை விழும், ஆற்றுவாய் உடைத்து வருகிற தண்ணீரில் கடல் தேத்தண்ணி நிறமாகிவிடும். பிறகு பங்குனி வரைக்கும் ஒரு படமும் எடுக்க முடியாது. திட்டமோ டிசம்பரோடு முடிகிறது. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தபோது, எதற்கு மிஸ் யோசிக்கிறீங்க, தூண்டில் பாஸில் போவோம் என்று சொன்னவன் ஹமீட். இதை மறந்துவிடக்கூடாது.

முதல்நாள் அவளோடு அவளுடைய தகப்பன் யோகராசாவும் கல்குடாக் கரைக்கு வந்திருந்தார். தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். வாய்க்காலைக் கண்டாலும் நாலடி தள்ளி நிற்கிற மனிதராகிவிட்டார். சுனாமி வந்த இருபத்தாறாம் திகதி காலையில் கல்லடிக்கு ஒரு விசேஷ வீட்டுக்குப் போன அவருடைய மனைவியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. மகள் ரப்பர் துடுப்புகளைக் காலில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஹமீடைத் தனியே கூப்பிட்டார்.

"ஒராளக் கடலுக்குக் குடுத்திட்டன் தம்பி. இவளப் பாத்துக் கூட்டிக்கொண்டு வாங்க."

அல்லாஹ் காவல் ஐயா, நான் கூட்டி வருவன் என்று ஹமீட் சொன்னான். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவளோடு இறங்குகிற ஒவ்வொரு நாளும் அந்த மனிதரின் முகம் அவனோடு சேர்ந்து இறங்கியது.

இரட்டைப்பாருக்குப் போன அன்று செவ்வாய்க்கிழமை. கடல் எண்ணெய் விட்டதுபோல் கிடந்தது. யசோதினி சிலிண்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு, மிதவையில் கட்டிய சின்னச் சிவப்புக் கொடி ஒன்றை ஹமீடிடம் கொடுத்தாள். கீழே ஆள் இருக்கிறது என்று மற்றப் போட்டுகளுக்குத் தெரிய வேண்டும், இதை மிதக்கவிடுங்கள் என்றாள். அவன் ஓம் மிஸ் என்றான். அப்போது பலகைக்கடியில் இருந்த இரண்டு கேன்கள் அவள் கண்ணில் பட்டன. ஹமீடை அவள் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன நானா, இன்னமும் ஆள் இருத்துறீங்களா? சண்டை முடிஞ்சு நாலு மாசம்."

அது குடிதண்ணிக்கு என்று சொல்லிச் சமாளித்தான். அவள் சிரித்துவிட்டு, முகக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக விழுந்து மறைந்தாள்.

அவள் மறைந்ததும் ஹமீட் கொடியைச் சுருட்டிப் பலகைக்கடியில் தள்ளினான். சிவப்புக் கொடியைக் கட்டிக்கொண்டு நடுக்கடலில் நிற்பது, வா வந்து பார் என்று கூப்பிடுகிற மாதிரி அவனுக்குப் பட்டது. பிறகு கேன்களை எடுத்து இருத்தினான். ஒன்றுக்குத் தன்னுடைய சேட்டும் தொப்பியும். மற்றதற்கு யசோதினி கழற்றி வைத்த வெள்ளை நீளக்கைச் சட்டையும் ஓலைத்தொப்பியும். அச்சாவாக அமைந்துவிட்டது. யோகராசா ஐயாவே கரையில் நின்று பார்த்தால் மகள் பத்திரமாகப் போட்டில் இருக்கிறாள் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

போட்டுக்காரர் சீனித்தம்பி கல்குடா ஆள். ஒரு கண்ணில் வெண்படலம், இரண்டு கண்ணிலும் பயம். ஹமீட் அவருக்கு வழக்கமான கட்டளையைச் சொன்னான்.

"எந்தப் போட் வந்தாலும் கையக் காட்டாதீங்க அண்ணன். தண்ணியக் குனிஞ்சு பாக்காதீங்க. தூண்டிலப் பாத்துக்கொண்டு இருங்க."

சீனித்தம்பி தலையாட்டினார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர் அவர். ஹமீட் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

மூன்று பாகம் என்பது ஒன்றுமில்லை. ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அப்படி மூன்று. ஆனால் இறங்கிவிட்டால் வேறு ஊர். முதல் திட்டின்மேல் வெயில் வலைபோல் விழுந்து அசைந்தது. சுனாமி புரட்டிவிட்ட பெரிய கற்கள் குப்புறக் கிடந்தன. அவற்றின் முதுகில் விரல் நீளத்துக்குப் புதிய கிளைகள் ஊதா நுனியோடு விட்டிருந்தன. பிடித்து விற்கிற காலத்தில் ஹமீட் இந்த மீன்களை விலையாகத்தான் பார்த்திருக்கிறான். யசோதினி ஒவ்வொரு இடத்திலும் வெள்ளைச் சட்டத்தை வைத்து, பழைய படத்தைப் பார்த்து, மூச்சைப் பிடிக்காமல் மெதுவாக விட்டுக்கொண்டு ஒரு விரலால் அமத்துவாள். சட்டத்தை எடுத்து வைப்பது அவன் வேலை. பதினைந்தாவது இடத்தில் பழைய படத்தில் வெறும் சல்லிக்கற்கள். இப்போது கிண்ணம் கிண்ணமாக முருகைக்கல். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் கண் சிரித்தது.

இருபத்தேழாவது இடத்தில் அந்தச் சத்தம் வந்தது. காதுக்கு வரவில்லை, நெஞ்சுக்கு வந்தது. யாரோ தொலைவில் ஒரு கனமான கதவை அடித்துச் சாத்திய மாதிரி ஒரு குத்து. மீன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு சாண் விலகித் திரும்பி வந்தன.

வெடி. டைனமைட். வடக்கே எங்கேயோ போடுகிறார்கள்.

ஹமீட் மேலே கையைக் காட்டினான், போவோம் என்று. அவள் பத்து விரலையும் விரித்து, பிறகு மூன்றைக் காட்டினாள். இன்னும் பதின்மூன்று. அது தூரம் என்று கையை நீட்டிக் காட்டினாள். தூரம்தான். இன்றைக்கு விட்டால் நாளைக்குக் காற்று மாறினாலும் மாறும். ஹமீடுக்கும் வேலையை முடித்துவிட ஆசை. தலையாட்டிவிட்டான்.

முப்பதாவது மீற்றரில் நாடா திட்டைவிட்டு இறங்கி வாய்க்காலுக்குள் போகிறது. அங்கே போனதும் நாடா தொய்ந்தது. தொடக்கத்தில் கல்லில் கட்டியிருந்த நுனி கழன்றுவிட்டது என்று இருவருக்கும் விளங்கியது. நாடா அசைந்தால் இடம் பிசகும், இடம் பிசகினால் நாற்பது படமும் பிரயோசனமில்லை. நீங்கள் போய் இழுத்துப் பிடியுங்கள் என்று அவள் சைகை காட்டினாள். ஹமீட் முப்பது மீற்றரும் திரும்பி நீந்தி, நுனியைப் பிடித்து, நங்கூரக் கயிற்றடியில் ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றான். அங்கிருந்து அவளைக் காணவில்லை. வாய்க்காலுக்குள்ளிருந்து எழும்புகிற அவளுடைய மூச்சுக் குமிழி மட்டும் தெரிந்தது.

இரண்டாவது குத்து அடித்தது. இது கிட்ட. பல் கூசியது.

அடுத்து எஞ்சின் சத்தம். தண்ணீருக்குள் எஞ்சின் சத்தம் எல்லாப் பக்கத்தாலும் வரும். எந்தத் திசை என்று யாராலும் சொல்ல முடியாது. ஹமீட் அண்ணாந்து பார்த்தான். தங்களுடைய போட்டின் அடிவயிறு அசையாமல் நின்றது. நேவியாக இருந்தால் பயமில்லை, மூன்று தலை இருக்கிறது என்று அவன் மனம் பழைய பாடத்தை ஒப்புவித்தது. வெடிக்காரராக இருந்தால் சீனித்தம்பி அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிடுவார் என்றும் சொன்னது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சீனித்தம்பி கையைக் காட்டமாட்டார். காட்டாதே என்று சொன்னது யார்?

வெடி போடுகிறவனுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. வெடியில் மீன் செத்தால் அபராதத்தோடு போகும், மனிதன் செத்தால் கதை வேறு. ஆகவே பற்றவைப்பதற்கு முன் பக்கத்தில் நிற்கிற போட்டைப் பார்த்துத் தலையை எண்ணுவார்கள். ஒருவன் மட்டும் இருந்தால் கீழே ஆள் இருக்கிறது, விலகிப் போ. இரண்டு மூன்று பேர் கூடியிருந்து தூண்டில் போட்டால் கீழே ஒருவருமில்லை, போடலாம். இந்தக் கரையில் கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. ஹமீடுக்கும் தெரியும்.

மேலே மூன்று தலை இருக்கிறது. கொடியும் இல்லை. இதைவிட வடிவாக ஒருத்தரும் ஒரு பெண்பிள்ளையைக் கொல்ல ஏற்பாடு செய்ய முடியாது.

அவன் வாய்க்கால் பக்கம் பார்த்தான். அவளுடைய குமிழிகளுக்கு மேலே சூடை மீன் கூட்டமொன்று கறுப்பாகத் திரண்டு சுழன்றுகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் அவர்கள் வருகிறார்கள். புதிய போட்டின் நிழல் முதல் திட்டின்மேல் ஏறி, அவனைத் தாண்டி, வாய்க்காலை நோக்கி மெதுவாகப் போனது.

உடனே மேலே போய்க் கையைத் தூக்கினால் முடிந்தது. மூன்று பாகம், ஆறு வினாடி. எந்த மனிதனும் அதைத்தான் செய்வான். ஹமீடின் உடம்பு செய்யவில்லை. அது கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு நின்றது.

அவனுடைய சாச்சா, அதாவது சித்தப்பா, மகன் ஸாஹிர் அப்படித்தான் போனான். தொண்ணூற்றெட்டில், இதே கடலில், வேறொரு பாரில். தெரியாத போட் ஒன்று வர, பயந்துபோய், நான் மீன்காரன் என்று காட்டுவதற்காக மேலே வந்து இரண்டு கையையும் தூக்கினான். தூக்கிய கையைப் பார்த்துத்தான் சுட்டார்கள். அது யாருடைய போட் என்று இன்றுவரை தெரியாது. கீழே கல்லிடுக்கில் ஒளிந்திருந்த ஹமீட், ஸாஹிர் தன்னைத் தாண்டி இறங்குவதைப் பார்த்தான். அன்றிலிருந்து பதினொரு வருடம், எஞ்சின் சத்தம் கேட்டு அவன் ஒருநாளும் மேலே வந்ததில்லை.

மேலே போகவில்லை. நீந்தினான். நாடாவை ஒட்டி, அடிமணலோடு, கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி அடித்து வாய்க்காலை நோக்கி நீந்தினான். அவளைப் பிடித்துக் கல்லுக்கடியில் தள்ளிவிடலாம் என்று நினைத்தான். நினைக்கும்போதே அது பொய் என்று தெரிந்தது. தண்ணீருக்குள் வெடிக்குக் கல்லும் ஒன்றுதான், கடதாசியும் ஒன்றுதான். காற்றுமானியின் முள்ளைப் பார்த்தான், சிலிண்டரில் காற்று கால்வாசிக்குக் கீழே. பத்து மீற்றர். பதினைந்து. நாடாவில் இலக்கங்கள் அவனுக்குக் கீழே ஓடின.

எஞ்சின் நின்றது.

சத்தம் இருக்கும்வரை நேரம் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தினால் மீனுக்கு மேலே வந்துவிட்டார்கள், அடுத்தது நெருப்புக்குச்சி. திரியைச் சின்னதாகத்தான் வெட்டுவார்கள், மீன் கலையாமல் இருக்க. ஐந்து எண்ணுவதற்குள் வெடிக்கும். அவளிடம் போய்ச்சேர இன்னும் பதினைந்து மீற்றர்.

யோகராசா ஐயாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான் வந்தது. ஹமீட் மணலில் காலை உதைத்தான். நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் ஊதிக்கொண்டு நேரே மேலே போனான். வெளிச்சம் முகத்தில் அடித்தது. வாய்க்குழாயைத் துப்பிவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். கை தூக்கும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டதாகத்தான் ஞாபகம்.

"கீழ ஆள் இரிக்கி. பொம்புளப்புள்ள இரிக்கி, போடாத."

கண்ணைத் திறந்தான். எட்டு முழத்துக்கு அப்பால் அந்தப் போட்டின் முன்பக்க அணியத்தில் ஒருவன் நின்றான். பின்னால் ஓங்கிய வலது கையில் போத்தல். போத்தல் வாயில் திரி சீறிக்கொண்டிருந்தது. பின்னுக்கு எஞ்சின் அருகே இருந்தவன், எறிடா, எறிடா என்று கத்தினான். நின்றவன் எறியவில்லை. அவன் முன்னால் பார்த்தான், வாய்க்காலில் குமிழி எழும்புகிறது. வலப்பக்கம் பார்த்தான், ஹமீடின் தலை. இடப்பக்கம் சீனித்தம்பியின் போட், அதில் மூன்று பேர். காலடியில் போட்டால் தானும் கூட்டாளியும். எங்கே எறிந்தாலும் ஒரு ஆள் இருக்கிற இடத்தில் நின்று அவன் யோசித்தான். ஒன்றரை வினாடி யோசித்திருப்பான். பிறகு முதுகை வளைத்து, பின்பக்கமாக, வானத்தை நோக்கி வீசினான்.

போத்தல் அவன் கையைவிட்டு முழுதாகப் போகவில்லை.

வெடித்த சத்தத்தை ஹமீட் இடது காதால் கேட்கவில்லை. அந்தக் காதால் அதற்குப் பிறகு அவன் எதையும் கேட்டதுமில்லை. புகை கலைந்தபோது போட்டின் அணியத்தில் ஒருவரும் நிற்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. ஹமீட் திரும்பி வாய்க்கால் பக்கம் பார்த்தான். குமிழி இல்லை. ஒரு குமிழிகூட இல்லை. அவன் அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினான், முதல் தடவையாக மிஸ் போடாமல். கத்தியது அவனுக்கே பாதிதான் கேட்டது.

ஓரமாக ஓலைபோல் மெலிந்த ஒரு நிழல் எழும்பியது. யசோதினி தலையைத் தூக்கிக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினாள். தண்ணீர் ஓங்கி அறைந்தது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லில் ஒட்டியிருந்திருக்கிறாள். கெமராவை மார்போடு அணைத்திருந்தாள். ஹமீடுக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதான்.

போத்தல் எறிந்தவனின் பெயர் வினோஜன். பக்கத்துக் கரைதான், கலியாணம் முடித்து ஒரு வருடம். மணிக்கட்டுக்குக் கீழே கையென்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை, கன்னமும் கருகியிருந்தது. ஹமீட் அந்தப் போட்டில் ஏறித் தன் சிலிண்டர் வாரை அவிழ்த்து அவனுடைய முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். எஞ்சின்காரன் கரைக்கு ஓட்டினான். யசோதினியும் அதே போட்டில்தான் இருந்தாள். ஆத்திரம் அவளுக்கு அப்போதுதான் ஏறியது. முருகைக்கல்லையும் கொன்று மனிசரையும் கொல்லப் பார்த்த உனக்கு இது வேணும் என்று சொன்னாள். பொலிசில் சொல்லாமல் விடமாட்டேன், ஹமீட் நானா சாட்சி என்றாள். வினோஜன் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டு கிடந்தான். வலியைவிட அவனுக்கு வேறொன்று பெரிதாக இருந்தது.

"மூண்டு பேரையும் எண்ணிப்போட்டுத்தான் பத்த வச்ச நான், அக்கா."

எந்த மூன்று பேரை என்று அவள் கேட்டாள். கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். பின்னால் சீனித்தம்பியின் போட் வந்துகொண்டிருந்தது. அதில் அவளுடைய வெள்ளைச் சட்டையை உடுத்தி, ஓலைத்தொப்பியும் போட்டுக்கொண்டு ஒருத்தி பலகையில் அமர்ந்திருந்தாள். சட்டையின் கை காற்றுக்கு மெல்ல அசைந்தது. யசோதினி வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"நான்தான் மிஸ் இருத்தின. கொடியையும் நான்தான் ஒளிச்ச," என்றான் ஹமீட்.

அவள் ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் வினோஜனின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கரையில் நேவியின் பாஸ் கொட்டிலுக்கு முன்னால் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. வெடிச் சத்தம் கரைக்கே கேட்டிருக்கிறது. சண்டை முடிந்து நான்கே மாதத்தில் கையில் வெடிமருந்தோடு ஒருவன். மீனுக்கு என்று யார் நம்புவது, புலி இயக்கத்து ஆள் என்றுதானே நினைப்பார்கள்? கூட்டத்தில் நின்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராகப் பின்னுக்குப் போனார்கள். வினோஜனை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி வைத்திருந்தார்கள். அவனுக்குப் பக்கத்தில் போக ஒருவருக்கும் துணிவில்லை.

அதிகாரி வயதானவர், பொறுமைசாலி, தமிழ் பேசுவார். காலையில் எழுதிய புத்தகத்தை விரித்து, மூன்று பெயருக்கு நேரே விரலை வைத்தார். தமக்கு விளங்கியதை அவரே சொன்னார். நீங்கள் மூன்று பேரும் போட்டில் இருந்திருக்கிறீர்கள். பக்கத்தில் மற்றப் போட் வந்திருக்கிறது. ஏதோ தகராறு. இவன் உங்கள் போட்டுக்குக் குண்டு எறியப் பார்த்திருக்கிறான், கையிலேயே வெடித்துவிட்டது. அதிர்ஷ்டம், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அப்படித்தானே?

சீனித்தம்பி நிலத்தைப் பார்த்தார். எல்லாம் வலு சுலபமாகக் கிடந்தது. ஓம் என்று ஒரு சொல் போதும். பாஸ் தப்பும், ஹமீடின் தொழில் தப்பும், யசோதினி எடுத்த படங்களும் தப்பும். ஓம் என்றால் அந்தப் பலகையில் கிடப்பவன் மீன்காரனாக இல்லாமல் வேறு யாரோ ஆகிவிடுவான், அவ்வளவுதான். ஹமீட் யசோதினியைப் பார்த்தான். அவளுடைய உத்தியோகமும் இதில் இருக்கிறது, அவளைக் கேட்காமல் வாயைத் திறக்க அவனுக்கு உரிமையில்லை. அவள் கழுத்தில் இருந்த கெமராவைக் கழற்றி, தண்ணீர் சொட்டச் சொட்ட அதிகாரியின் மேசையில் வைத்தாள். கீழே இறங்கியதற்கு அதுதான் சாட்சி.

ஹமீடின் இடது காதுக்குள் இன்னும் ஒரு வண்டு இரைந்துகொண்டிருந்தது. தன்னுடைய குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொட்டில் முழுக்கக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

"போட்டுல ஒராள்தான், சேர், இருந்த. நாங்க ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள. எங்களக் கண்டுதான் அவன் அத எறியாமக் கையில வச்சிருந்த."

அதிகாரி அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, முதலில் காயக்காரனை வண்டியில் ஏற்றச் சொன்னார். பலகையின் ஒரு பக்கத்தை ஹமீட் பிடித்தான். மறுபக்கத்தை யசோதினி பிடித்தாள்.